மூன்று தலைமுறையும் ஒரே படகில்!

லீவு விட்டால் எங்கேயாவது நாலு நாள் போய்ட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்துப் பாருங்கள். ஊட்டியா, கொடைக்கானலா என்கிற கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி வந்து நிற்கும். "அத்தையை யார் பார்த்துக்கறது?" கடைசியில் பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குக் காவல். மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மாத்திரையை வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவோம். போன இடத்திலும் மனசு பாதி வீட்டில்தான் இருக்கும்.

பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் எல்லாம் சுகமா? மலையேறினால் மூட்டுவலி. கோயில் கோயிலாகப் போனால் குழந்தைகளுக்குச் சலிப்பு. பஸ்ஸில் நீண்ட தூரம் போனால் என் மாமியார் போன்றவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்கிற பயம்! நாள் முழுக்கத் தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருந்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் நீர்க்கடுப்பும் தலைசுற்றலுமாகப் படுத்துக்கொள்வார்கள். இது நம் வீட்டுப் பெரிய பெண்மணிகள் எல்லோருக்கும் உள்ள கதைதான். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த எல்லாச் சங்கடத்துக்கும் ஒரே மருந்தாக எனக்குப் பட்டது ஆற்றுப் பிரயாணம். நாம் இடத்தைத் தேடி நடக்க வேண்டாம், இடம் நம்மைத் தேடி வரும். நைல், ரைன், டான்யூப் நதிகளில் தாத்தா பாட்டியோடு கப்பலேறிப் போவது வெளிநாட்டாருக்குப் பழகிப் போன சங்கதி. நம் நாட்டிலேயே 2023 ஜனவரியில் காசியிலிருந்து அஸ்ஸாமில் இருக்கும் திப்ருகட் வரை 51 நாள் ஆற்றுக் கப்பல் ஒன்று கிளம்பியது. அதெல்லாம் நம் பர்ஸுக்கு எட்டாது. எட்டுகிற தூரத்தில் இருப்பது ஆலப்புழை. நாங்கள் ஈரோட்டிலிருந்து பொங்கல் லீவில் போய் வந்தோம். மாமனாருக்கு 79 வயது, சர்க்கரை உண்டு. மாமியாருக்கு 74, இரண்டு முழங்காலிலும் வலி. என் கணவர், நான், எங்கள் பிள்ளைகள் இருவர், நாத்தனார், அவள் வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு வயதுக் குட்டிப்பயல். ஆக மொத்தம் ஒன்பது உருப்படி.

கெட்டுவள்ளம் என்றால்...

ஆலப்புழையில் வீட்டுப் படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டு என்றால் கட்டு. ஆயினிப் பலகைகளை ஆணியே அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி இழுத்து, முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிக் கறுக்க வைத்துச் செய்வார்கள். ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லையும் அரிசியையும் கொச்சிக்கு ஏற்றிப்போன சரக்குப் படகு இது. ரோடும் லாரியும் வந்தபிறகு வேலை இல்லாமல் கிடந்ததை, 1990-களில் அறை கட்டி, மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள்.

"வள்ளமா? எங்கூர்ல ராகி அளக்கறதுக்குப் பேரு வள்ளம்" என்றார் மாமியார். நெல் ஏற்றிய படகு என்று கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. "அப்ப பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க!"

வழக்கமாகப் பகல் 12 மணிக்கு ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கி விடுகிறார்கள். சாயந்திரம் ஐந்தரை மணி வாக்கில் படகைக் கரையோரம் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் மீனவர்கள் வலை விரிக்கிற நேரம். படகு ஓடினால் வலை அறுந்து அவர்கள் பிழைப்பு போய்விடும். "ராத்திரி முழுக்கப் படகு ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படகு பேசும்போது

போட்டோவில் எல்லாப் படகும் அரண்மனை மாதிரிதான் தெரியும். பெரியவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

1. மாடி உள்ள படகா, இல்லாததா? உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற இடம் மாடியில் இருந்தால் மூட்டுவலிக்காரர்கள் கீழேயே அடைந்து கிடப்பார்கள். ஒரே தளமாக இருக்கிற படகு நல்லது.

2. எத்தனை அறை? ஒவ்வொரு அறைக்கும் தனி பாத்ரூம் உண்டா? மேல்நாட்டுக் கழிப்பறையா? உள்ளே போக எவ்வளவு உயரப் படி?

3. ஏறும் இடத்தில் நம் படகு நேராகக் கரையோடு ஒட்டி நிற்குமா? ஆலப்புழையில் படகுகளை வரிசையாக ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். சில சமயம் இரண்டு மூன்று படகுகளைத் தாண்டித்தான் நம் படகுக்குப் போக முடியும். 74 வயதில் அது ஆகிற காரியமா? "பெரியவங்க வர்றாங்க, படகைப் படித்துறைக்கே கொண்டு வரணும்" என்று முன்பணம் கட்டும்முன் சொல்லிவிடுங்கள்.

4. பதிவு எண்ணும் நடப்பு சர்வே சான்றிதழும் இருக்கிறதா? எத்தனை பேருக்கு அனுமதி? கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று உண்டா? குழந்தை அளவில் உண்டா?

6. ராத்திரி எங்கே கட்டுவீர்கள்? அங்கிருந்து ரோடு எவ்வளவு தூரம்? நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆட்டோவோ காரோ வந்து நிற்கிற இடமாக இருக்க வேண்டும். ஆலப்புழை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வண்டானத்தில் இருக்கிறது. அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஏ.சி. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? சாதாரணப் படகுகளில் ராத்திரி மட்டும்தான் போடுவார்கள்.

முதல் மல்லுக்கட்டு

இவ்வளவு கேட்டும், நாங்கள் போய் நின்றபோது படகில் இருந்தவை பெரியவர் போடுகிற ஜாக்கெட்டுகள் மட்டும்தான். அதைக் குட்டிப்பயலுக்கு மாட்டினால் தோள் வழியே உருவிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை மிதக்காது. "சின்னது வந்தால்தான் ஏறுவோம்" என்றேன். படகு ஏற்பாடு செய்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணும் ஆகாது சேச்சி, தண்ணி ஆட்டமே இருக்காது" என்றார். நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கூச்சம். "விடுங்கக்கா, லேட்டாகுது" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆதரவு வந்தது மாமியாரிடமிருந்து. படித்துறைத் திண்ணையில் நிதானமாக உட்கார்ந்துகொண்டு, "ஒறம்பரைக்கா வந்திருக்கோம், கூச்சப்படறதுக்கு? அவ சொல்றதுதான் சரி. வரட்டும், ஏறலாம்" என்றார். அரை மணி நேரத்தில் வேறெங்கிருந்தோ சின்ன அளவில் மூன்று ஜாக்கெட் வந்து சேர்ந்தது!

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஆட்டமே இல்லாத தண்ணீரில்தான் இந்த மாநிலத்தில் பெரிய விபத்துக்கள் நடந்திருக்கின்றன. 2002 ஜூலையில் இதே வேம்பநாட்டுக் காயலில் குமரகத்துக்குப் பக்கத்தில் படகு மூழ்கி 29 பேர் போனார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் 45 பேர். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர், அதில் பாதிக்குமேல் குழந்தைகள். தானூரில் படகு கொள்ளாத கூட்டத்தை ஏற்றியிருந்தார்கள். நாம் ஒருத்தர் "முடியாது" என்று சொல்கிற அரை மணி நேரம் ஒரு பெரிய விஷயமே இல்லை, சகோதரிகளே.

கரண்டி பிடிக்காத ஒரு நாள்

படகு புன்னமடையை விட்டு நகர்ந்ததும் எல்லோரும் முன்பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுகிறவர், சமையல்காரர், உதவிக்கு ஒருவர் என்று மூன்று பேர் படகில். ஒரு மணிக்கெல்லாம் இலை போட்டாயிற்று. சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் தோரன், மோர்க்கறி, பப்படம். அசைவக்காரர்களுக்குக் கரிமீன் பொள்ளிச்சது. மசாலா தடவி வாழை இலையில் மடித்துச் சுட்ட மீன். கரிமீனுக்கு 2010-ல் கேரளத்தின் மாநில மீன் என்ற அந்தஸ்தே கொடுத்துவிட்டார்கள். ருசிக்குக் கேட்க வேண்டாம். ஆனால் முள் ஜாஸ்தி. குழந்தைகளுக்கு நாமே பிரித்துத் தர வேண்டும். மாமியார் சைவம். "சைவச் சமையலை முதலில் செய்து, தனிக் கரண்டி போட்டு வையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்படியே செய்தார்கள்.

பழக்கதோஷம், நான் பரிமாற எழுந்தேன். "நீங்க இரிக்கு சேச்சி" என்று சமையல்காரர் கையமர்த்திவிட்டார். மாமியார், நாத்தனார், நான் மூன்று பேரும் ஆண்களோடும் குழந்தைகளோடும் முதல் பந்தியில் உட்கார்ந்து ஆவி பறக்கச் சாப்பிட்டோம். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சுடுசோறு கிடைத்தது அன்றைக்குத்தான் என்று நாத்தனார் கணக்குப் போட்டுச் சொன்னாள். "அண்ணி, வீட்டுக்குப் போனதும் இதை ஆம்பிளைங்களுக்கு ஞாபகப்படுத்தணும்" என்றாள். என் கணவர் பப்படத்தைப் பலமாகக் கடித்தார்.

சமையல் விஷயத்தில் ஒரு குறிப்பு. அங்கே சிவப்பு மட்டை அரிசிதான் வழக்கம். பருமனாக இருக்கும். பல் இல்லாதவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சிரமம். வெள்ளை அரிசி குழைய வடிக்கச் சொன்னால் வடித்துத் தருவார்கள். காரமும் அப்படியே. சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தப்பக்கூடாது என்பதால், ஏறும்போதே மணியைச் சொல்லிவிடுங்கள்.

வயலுக்கு மேலே ஆறு

சாப்பிட்டு முடிப்பதற்குள் படகு குட்டநாட்டுக்குள் நுழைந்துவிட்டது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் வந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கிற பூமி இது. சபரிமலை அடிவாரத்தில் ஐயப்பமார்கள் முங்கி எழுகிற அதே பம்பைதான் இங்கே நம் படகைச் சுமக்கிறது என்றதும், மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

குட்டநாட்டின் அதிசயமே அதன் வயல்கள்தான். காயலிலிருந்து மண்ணைத் தோண்டி வரப்பு போட்டு, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம். கடல் மட்டத்துக்கும் 2 மீட்டர் வரை கீழே இருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த விவசாய முறைக்கு 2013-ல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கொடுத்தது. படகில் இருந்து பார்த்தால் நாம் மேலே போகிறோம், பச்சை வயல் கீழே கிடக்கிறது! புஞ்சைப் பயிர் ஐப்பசி கார்த்திகை வாக்கில் விதைத்து, மாசி பங்குனியில் அறுப்பு.

வரப்பு ஓரத்தில் மோட்டார் ஓடி, வயல் தண்ணீரை ஆற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியும் பறையும் என்று அதற்கு அங்கே பெயர். மாமியார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதென்னடா அக்கிரமமா இருக்குது! நாங்க அறுபதடிக் கெணத்துல இருந்து தண்ணியை மேல ஏத்தறதுக்கு உசுரைக் குடுத்தோம். இவிய வயல்ல இருந்து தண்ணியை ஆத்துக்கு மேல ஏத்தறாங்க!"

"கெணத்துல இருந்து எப்படி ஏத்துவீங்க அப்பத்தா? மோட்டாரா?" என்று கேட்டாள் என் மகள்.

அவ்வளவுதான். கவலை இறைத்த கதை ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாடுகளைப் பூட்டிச் சரிவில் ஓட்டினால் தோல் பறி நிறையத் தண்ணீர் மேலே வரும். கவலை ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து மாட்டை இறக்குவார். பன்னிரண்டு வயசில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் தானே கவலை ஓட்டியதாகச் சொன்னார் என் மாமியார். எனக்கே இது புதுச் செய்தி. மாமனாருக்கும் புதுச் செய்தி! "எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார். "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்று பதில் வந்தது.

பிள்ளைகள் இருவரும் செல்போனை மறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இது நடக்காது. அவர் ஒரு அறையில், அவர்கள் ஒரு அறையில், நான் அடுப்படியில். படகில் எழுந்து போக வேறு இடமே இல்லை பாருங்கள்! ஆற்றுப் பிரயாணத்தின் பெரிய லாபம் இதுதான் என்று நான் சொல்வேன்.

தண்ணீர் ஓரத்தில் குழந்தைகள்

வீட்டில் எத்தனை பேர் கூட இருக்கிறார்களோ அவ்வளவுக்குக் குழந்தைக்கு ஆபத்தும் ஜாஸ்தி. அம்மா பார்க்கிறாள் என்று பாட்டி நினைப்பாள், பாட்டியிடம் இருக்கிறது என்று அம்மா நினைப்பாள். அதனால் நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். ஒரு மணிக்கு ஒருத்தர் குட்டிப்பயலுக்குப் பொறுப்பு. முறையில் இருப்பவர் கையில் போன் கிடையாது. முறை மாறும்போது "இனி உங்க பொறுப்பு" என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. அறையை விட்டு வெளியே வந்தால் குழந்தைக்கு ஜாக்கெட் கட்டாயம். படகின் முன்பக்கமும் கைப்பிடிக் கம்பியின் இடைவெளியும்தான் ஆபத்தான இடங்கள்.

குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கி விளையாட விடாதீர்கள். காலில் கீறலோ புண்ணோ இருந்தால் எலிக்காய்ச்சல் வர வழி உண்டு. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால் அமீபா மூளைக்காய்ச்சல் வரலாம். அபூர்வமான நோய்தான், ஆனால் உயிருக்கே உலை வைப்பது. 2024, 2025-ல் கேரளத்தில் இதைப்பற்றி நிறையப் பேச்சு அடிபட்டது. வேடிக்கை பார்க்கத்தான் ஆறு, முங்கிக் குளிக்க அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பையில் மறக்காமல்...

இரண்டு நாளைக்கு அதிகமாகவே மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல், இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதை வைக்கச் சின்னக் குளிர்ப்பை, மூட்டுவலித் தைலம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொசுவத்தியோ களிம்போ, டார்ச் லைட், பாத்ரூமில் போட வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று, குழந்தைக்கு மாற்றுத் துணி, இரவில் போர்த்த ஒரு சால்வை. குப்பைக்கு என்று தனியாக ஒரு பை எடுத்துப் போங்கள். பிஸ்கட் கவரையும் டயப்பரையும் தண்ணீரில் எறியக்கூடாது. கரையில் இருக்கும் பெண்கள் அதே தண்ணீரில்தான் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்காத என் மாமியார் அன்றைக்கு எத்தனை டம்ளர் குடித்தார் தெரியுமா? எண்ணிப் பார்த்தேன், எட்டு! அறைக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிற தைரியம்தான்.

செலவும் காலமும்

படகு வாடகை முழுப் படகுக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஆள் கூடினால் தலைக்கு விழும் தொகை குறைகிறது. இரண்டு குடும்பம் சேர்ந்து போவது லாபம். கிறிஸ்துமஸ், புதுவருஷ நாட்களில் வாடகை எகிறிவிடும். கார்த்திகை முதல் மாசி வரை வெயிலும் மழையும் குறைவாக இருக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் மழை பலமாக இருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டையே காலி செய்ய வேண்டி வந்தது. பெரியவர்களோடு அந்த மாதங்களில் போக வேண்டாம். சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக ஆலப்புழைக்கு நேர் ரயில் தினமும் உண்டு.

அவ்வளவு செலவு கட்டுப்படியாகாதா? கவலை வேண்டாம். கேரள அரசின் ஜலப் போக்குவரத்துத் துறை, ஊர் ஜனங்களுக்காக ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகு விடுகிறது. பஸ் டிக்கெட் மாதிரிச் சொற்பக் கட்டணம், இரண்டரை மணி நேரப் பிரயாணம். அதே ஆறு, அதே வயல், அதே தென்னை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கீரைக்கட்டோடு பெண்களும் ஏறி இறங்குவார்கள். ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதத்தோடு அதில் போனாலும் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. "வர்றீங்களா?" என்று கேட்டால் பெரியவர்கள் முதலில் "நீங்க போய்ட்டு வாங்க, நான் எதுக்குப் பாரமா" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, படகில் படி எத்தனை, பாத்ரூம் எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விவரமாகச் சொல்லி இரண்டாம் தடவையும் கேளுங்கள். என் மாமியார் இரண்டாம் தடவைதான் "சரி கண்ணு" என்றார்.